பெட்டியின் முன்னே பேசும் பேச்சு



குற்றாலத்தில் அருவி கொட்டத் தொடங்கிவிட்டால் நம் கீழப்பாவூர்ப் பக்கமும் காற்றும் சாரலும் வந்து சேரும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்படியொரு மாலைப்பொழுது. வீடு சந்திப்புக்காகச் சென்ற இடத்தில், திண்ணையில் அமர்ந்திருந்த நம்மைச் சாரல் உள்ளே துரத்திவிட்டது. உள்ளே மூன்று பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தனர். கை தன்பாட்டில் இலையை மடக்கித் தூளை நிரப்பி நூலைச் சுற்றிக்கொண்டிருக்க, கண் சுவரோரத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் நிலைத்திருந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில் கண்ணுக்கு வேலை குறைவு. ஆகவே அந்த வீட்டில் பெட்டி ஓயாமல் பேசிக்கொண்டேயிருக்கும். மூலையில், எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தொடரின் நடுவே ஒரு விளம்பரம் வந்தது. முகத்தில் பூசும் பசை ஒன்றைப் பற்றியது. ஒரு பெண்ணின் முகம் பளபளவென்று மாறியது. அதைப் பார்த்த ஆச்சி, பேத்தியின் பக்கம் திரும்பி, “ஏட்டி, ஒங்கப்பன்கிட்டச் சொல்லி இதுல ஒண்ணு வாங்கிப் பூசு. இந்த நெறத்துக்கு நாளைக்கு எத்தன பவுனு கூடக் கேப்பானோ, யாரு கண்டா?” என்றார். சுளகு வைத்திருந்த பெண்கள் சிரித்தனர். ஆச்சி நம்மையும் பார்த்து, “என்ன சாமி, நான் சொல்லுதது சரிதான?” என்று கேட்டார்.

நாமும் சிரித்தோம்.

சிரிக்க வேண்டும் என்று எண்ணிச் சிரித்ததன்று. ஆச்சி நல்லவர், அந்தப் பேத்தியைத் தூக்கி வளர்த்தவர், காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவர். அவர் முகம் வாடக் கூடாதே என்று சிரித்தோம். சிறுமி தலை நிமிரவில்லை. கணக்கைப் போட்டுக்கொண்டேயிருந்தாள். சாரல் விட்டதும் செபம் சொல்லி ஆசீர் அளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றுவிட்டோம்.

மார்கழி வந்தது. கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்திற்கு மறைக்கல்விப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தனர். மாதாவாக நடித்த பிள்ளைக்கு வசனம் மறந்துபோகும் போதெல்லாம், பின்னாலிருந்து ஒரு குரல் ஒரு சொல்லும் பிசகாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது அந்தப் பேத்தியின் குரல். அவளுக்கு இடையர் கூட்டத்தில் ஒரு கோலும் ஒரு கம்பளியும் கொடுத்திருந்தோம். அழைத்து, “இவ்வளவு பாடமாயிருக்கிறதே, நீயே மாதாவாக நடிக்கக் கேட்டிருக்கலாமே?” என்றோம்.

அவள் நம்மை ஏறிட்டுப் பார்த்து, “கறுப்பு மாதா உண்டா, சாமி?” என்றாள்.

குரலில் அழுகை இல்லை, குறையும் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது போலவே கேட்டாள். நமக்கு ஆடி மாதத்துச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதன்பின் மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. நாம் பங்குப் பொறுப்பேற்ற நாள்முதல் நடந்த நாடகங்கள் அனைத்திலும், வெளுத்த பிள்ளைகள் சம்மனசுகளாகவும் மாதாவாகவும் நின்றனர். கறுத்த பிள்ளைகள் இடையர்களாகவும் ஏரோதின் சேவகர்களாகவும் நின்றனர். அப்படி யாரும் கட்டளையிடவில்லை. நாமும் நினைத்துச் செய்ததில்லை. நினையாமலே நடந்து வந்திருக்கிறது.

இந்தப் பாடத்தை அந்தச் சிறுமிக்கு யார் கற்பித்தார்கள்? பெட்டியா, நாமா? இதுவே இத்திங்கள் உங்களோடு பேச விரும்பும் செய்தி.

முதலில் பெட்டி கற்பித்ததைப் பார்ப்போம். சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975இல். ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் முகப்பசை நம் நாட்டில் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். தொலைக்காட்சி வீடுவீடாக நுழைந்தபோது அந்தப் பசையும் கூடவே நுழைந்தது. அதன் விளம்பரக் கதைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கரிய நிறப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது; பசையைப் பூசுவாள்; வெளுப்பாள்; வேலையும் வரனும் வாசலில் வந்து நிற்கும். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இவற்றை எதிர்த்து முறையிட்டது. அதன் பயனாக, அத்தகைய விளம்பரங்கள் சில 2003இல் நிறுத்தப்பட்டன. கரிய நிறத்தவரைத் துயரமுற்றவராகவோ அழகற்றவராகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் விதி வகுத்தது. 2020ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் உயிர்விட்டபோது உலகெங்கும் எழுந்த கொந்தளிப்பு இந்தப் பசையையும் எட்டியது. அவ்வாண்டு ஜூலையில் அதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘குளோ’ என்ற சொல் வைக்கப்பட்டது.

பெயரை மாற்றிவிட்டார்கள், விதியும் வகுத்துவிட்டார்கள். இன்று பெட்டி ‘வெளுப்பு’ என்று வாய்திறந்து சொல்வது குறைவு. ‘பொலிவு’ என்றே சொல்கிறது. ஆனால் ஆச்சிக்குப் பொருள் விளங்காமற் போயிற்றா? இல்லை. பெட்டி சொல்லாமல் விட்டதை ஆச்சி சொல்லி முடித்தார். பெட்டி சொன்னது ஊருக்கெல்லாம். ஆச்சி சொன்னது அந்த ஒரு பிள்ளைக்கு, பெயர் சொல்லி. எது ஆழமாகப் பதியும்?

அந்தப் பேச்சு வெறும் அழகைப் பற்றியதன்று என்பதையும் கவனியுங்கள். அது பவுனைப் பற்றியது. நிறம் குறைந்தால் நகை கூட வேண்டும் என்னும் கணக்கு நம் ஊர்களில் பெண் பார்க்கும் வீடுகளில் வெளிப்படையாகவே நடக்கிறது. நாள் முழுதும் பீடி சுற்றும் தாய், மகளின் தோலுக்காக இன்னும் எத்தனை ஆயிரம் பீடி சுற்றவேண்டும்? சிரிப்புக்குப் பின்னால் இருந்த அச்சம் அதுவே. ஆச்சி கேலி செய்ததன்று. தம் அச்சத்தைக் கேலியாகச் சொன்னார். ஆயினும் சிறுமியின் செவியில் விழுந்தது, ‘நீ இந்த வீட்டுக்கு ஒரு செலவு’ என்பதுதான்.

இப்பேச்சு வீட்டோடு நிற்பதில்லை. பாவூர்ச்சத்திரத்தில் நாம் தேநீர் அருந்தும் கடையொன்றில் பெட்டி எந்நேரமும் ஓடும். நாடகத்து நிகழ்ச்சிக்குச் சில நாட்களுக்குப் பின் அங்கே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த நண்பர்கள் நடுவே நாமும் அமர்ந்திருந்தோம். மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டக்காரர் ஒருவரைத் திரையில் கண்டதும் ஒருவர் அவர் நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டார். அந்த வார்த்தையை இங்கே எழுத நம் பேனா கூசுகிறது. எல்லாரும் சிரித்தனர். அதே வேளையில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்து இளைஞன் ஒருவன் தேநீருக்குக் காசு நீட்டினான். “ஏ வடக்கா, அங்கிட்டு நில்லு” என்றார் மற்றொருவர். அதற்கும் சிரிப்பு.

அங்கிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. தேநீரை ஆற்றியவாறே, “அண்ணாச்சி, 2007இல இதே பெஞ்சில ஒக்காந்து ஷில்பா ஷெட்டிக்காக நாம எவ்வளவு சண்ட போட்டோம்! ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். கடை சற்று அமைதியாயிற்று.

இளைய வாசகர்களுக்காக அந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். 2007ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தில் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடந்தது. பலரை ஒரே வீட்டில் அடைத்துவைத்து, அவர்கள் பேசுவதையும் சண்டையிடுவதையும் ஊருக்கே காட்டும் நிகழ்ச்சி. இந்திய நடிகை ஷில்பா ஷெட்டி அதில் கலந்துகொண்டார். உடன் இருந்த ஜேட் குட்டி என்னும் பெண்ணும் அவருடைய தோழியர் சிலரும் ஷில்பாவின் உச்சரிப்பையும் உணவையும் ஏளனம் செய்தனர். அவருடைய பெயரோடு அப்பளத்தைச் சேர்த்துப் பழித்தார் ஜேட். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ‘ஆஃப்காம்’ அமைப்புக்கு நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்த நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரதமரிடமே கேள்வி எழுந்தது. அவ்வேளை இந்தியாவுக்கு வந்திருந்த நிதியமைச்சர் கார்டன் பிரவுன் இங்கே இதற்கு மறுமொழி கூற நேர்ந்தது. நிகழ்ச்சியின் முடிவில் ஷில்பா வென்றார். அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் விதிகளை மீறியது என்று அவ்வாண்டு மே மாதம் ஆஃப்காம் தீர்ப்புரைத்தது.

அந்த நாட்களில் நம் நாடே கொதித்தது. தமிழக அரசு 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் பெட்டிகள் சிற்றூர்களுக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. “நம்மை இழிவு செய்ய வெள்ளைக்காரிக்கு என்ன உரிமை?” என்று கேட்டோம். சரியான கேள்வி. ஆனால் அதே பெட்டியில், அந்தச் செய்தி முடிந்ததும், கரிய பெண் வெளுத்து வேலை பெறும் விளம்பரம் ஓடியபோது நாம் ஒன்றும் கேட்கவில்லை. கரிய நிறத்து நகைச்சுவை நடிகரைக் காக்கையென்றும் எருமையென்றும் அடுப்புச் சட்டியென்றும் பழிக்கும் படக்காட்சிகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்துச் சிரித்தோம். பிறர் நம்மைச் சொன்னால் வெறி; நாம் பிறரைச் சொன்னால் விளையாட்டு. இந்த இரட்டைப் படியை வைத்துக்கொண்டு எந்தச் சந்தையில் நேர்மையாக நிறுக்க முடியும்?

ஜேட்டின் கதை அத்தோடு முடியவில்லை. அவர் தம் சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டார். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஷில்பா தொகுத்து வழங்கிய இந்திய நிகழ்ச்சியில் பங்கேற்க நம் நாட்டுக்கே வந்தார். இங்கிருந்தபோதுதான் தமக்குப் புற்றுநோய் என்னும் செய்தி அவரை எட்டியது. ஷில்பா அவர்மீது வன்மம் பாராட்டவில்லை. மறு ஆண்டு மார்ச்சில், தம் இரு சிறு மகன்களோடு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருமுழுக்குப் பெற்ற சில நாட்களுக்குள், 27 வயதில் ஜேட் காலமானார். சொல்லால் காயப்படுத்தியவர் திருந்த முடியும், காயப்பட்டவர் மன்னிக்க முடியும் என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சியாயிற்று. ஆனால் நமக்கு இதில் நினைவிலிருப்பது சண்டை மட்டுமே.

ஆசிரியர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பின், “வடக்கா” என்றவர் அந்த இளைஞனுக்கு இடம் விட்டு, “ஒம் பேரு என்னப்பா?” என்று கேட்டதை நாமே கண்டோம். இதற்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

இனி வேலைத்தலத்திற்கு வருவோம். தென்காசியில் ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் நம் பங்கு இளம்பெண் ஒருவர் நம்மிடம் பகிர்ந்துகொண்டதை, அவருடைய இசைவுடன் எழுதுகிறோம். கரிய நிறப் பெண்ணைக் கதைத்தலைவியாகக் கொண்ட ‘பாரதி கண்ணம்மா’ என்னும் தொடர் 2019இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அவளுடைய நிறத்தை வெறுக்கும் மாமியாரின் நெஞ்சு சரியன்று என்று காட்டப் புறப்பட்ட கதை அது. உடன் பணிபுரிவோர் நண்பகல் உணவு வேளையில் அதைப் பற்றிப் பேசிப் பேசி, ஒருநாள் இவரை, “எங்க ஆபீஸ் கண்ணம்மா” என்று அழைத்தார்கள். அன்றுமுதல் அதுவே பெயராகிவிட்டது. கதைத்தலைவிக்காகக் கண்ணீர் விட்டவர்களே அழைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. இவரும் உடன் சிரித்துவிட்டு, மாலையில் பேருந்து சன்னலோரத்தில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு வருவாராம்.

ஒருநாள் அங்கிருந்த மூத்த பணியாளர் ஒருவர், உணவுப் பாத்திரத்தை மூடியவாறே, “அவளுக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு ஒண்ணு இருக்கு; அதச் சொல்லிக் கூப்பிடுவோமே” என்றாராம். அவர் கிறிஸ்தவரல்லர். யாரையும் கடியவில்லை. சில நாட்களில் அந்தப் பட்டப்பெயர் தேய்ந்து மறைந்தது. “சாமி, அந்த அக்கா சொன்ன அன்னைக்குத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு” என்றார் அந்த இளம்பெண்.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெட்டி நல்லதொரு கதையைக் காட்டியபோதும், நம் பேச்சு அதைப் பழிச்சொல்லாக்கிவிட்டது. ஆகவே பெட்டியின்மேல் மட்டும் பழி சுமத்திவிட்டு நாம் கைகழுவ இயலாது. பெட்டி விதையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எது முளைக்க வேண்டும் என்பதைப் பெட்டியின் முன்னே நடக்கும் பேச்சே முடிவு செய்கிறது. அப்படியாயின், கெட்டதைக் காட்டும்போதும் நம் பேச்சு அதை முளையாமல் தடுக்க முடியும் அன்றோ?

“நம் ஊரில் எல்லாரும் ஓரினத்தார்தாமே, இதைப் போய் இனவெறி என்கிறீரே?” என்று சிலர் கேட்கக் கூடும். பெயர் எதுவாயினும் ஆகுக, வேர் ஒன்றுதான். மனிதனைத் தோலைக் கொண்டு விலை மதிப்பதே அந்த வேர். நம் நாட்டில் அதனோடு சாதியும் பின்னிக்கிடக்கிறது. “கறுப்பா இருந்தாலும் நல்ல புள்ள” என்னும்போதும், “இந்த நெறத்தப் பாத்தா நம்ம ஆளு மாதிரி தெரியல” என்னும்போதும் சொல்லாமல் சொல்வது என்ன என்பது நம் அனைவருக்கும் தெரியும். இந்த வேர் வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியா, தலைமுடியையும் தோற்றத்தையும் குறித்த கேலியில் தொடங்கிய சண்டையில் தில்லியில் தாக்கப்பட்டு 2014இல் உயிரிழந்தார். 2017இல் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் கும்பலால் தாக்கப்பட்டனர். முதலில் கேலி, பின்பு கை.

நம் தமிழ்நாட்டுக் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்த வேளையில், சிறு வயதுமுதல் தம் நிறத்தைக் குறித்துத் தமக்கு வந்த ஏளனங்களை அவர் வெளிப்படையாகச் சொன்னார். வெயிலில் நாளெல்லாம் நின்று பயிற்சி பெற்றதனால் கறுத்தேன், அதற்காக வருந்தவில்லை என்னும் பொருளில் அவர் கூறியிருந்தார். நாட்டுக்காக ஆடுபவருக்கே இந்நிலையென்றால், களையெடுக்கும் பெண்ணுக்கும் செங்கல் சுமக்கும் இளைஞனுக்கும் யார் அறிக்கை வெளியிடுவார்?

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். கடும் வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் குடை அது. வெயில் மிகுந்த நாட்டில் பிறந்தவர்க்கு இறைவன் கொடுத்தனுப்பிய குடையைக் குறையென்று சொல்வது எவ்வளவு பேதைமை! கடையில் கிடைக்கும் வெளுப்புப் பசைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதுண்டு. மருத்துவர் சொல்லாமல் அவற்றை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் எழும் என்று தோல் மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். பெண்பிள்ளைகளைப் பெற்றோர் இதைக் கருத்தில் கொள்வீர்களாக. கருப்பட்டியின் நிறத்தைப் பார்த்து அதன் இனிப்பை ஐயுறுவார் நம் திருநெல்வேலிச் சீமையில் உண்டோ?

இந்தப் பேச்சு இன்று நேற்றுத் தோன்றியதன்று. எண்ணாகமத்தின் 12ஆம் அதிகாரத்தை இன்று மாலை குடும்பச் செபத்தின்போது வாசித்துப் பாருங்கள். மோசே மணந்திருந்த பெண் கூசு நாட்டவள். கூசு என்பது எகிப்துக்குத் தெற்கே கரிய நிற மக்கள் வாழ்ந்த நாடு. அவளை முன்னிட்டு மோசேயின் அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் பேசத் தொடங்கினர். அது ஒரு குடும்பப் பேச்சு, நாத்தனார் பேச்சு. ஆண்டவர் அதைக் கேட்டார். மிரியாமின் உடலில் தொழுநோய் கண்டது. தோல் உறைபனியைப் போல் வெளுத்துப் போயிற்று. கரிய பெண்ணைக் குறித்துப் பேசியவள் பெற்ற வெண்மை அது! மோசே அவளுக்காக மன்றாடினார். ஏழு நாள் அவள் பாளையத்துக்கு வெளியே இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாளும் மக்கள் கூட்டம் முழுவதும் ஓரடி முன்னே வைக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் பேசிய பேச்சினால் ஒரு சமுதாயமே நின்றுபோனது. இன்றும் அப்படித்தான் நிற்கிறோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி நாம் செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, பெட்டியையோ கைப்பேசியையோ பார்க்கையில் நிறத்தைப் பழிக்கும் காட்சி வந்தால், ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். “இது சரியில்லை” என்றால் போதும். நீண்ட உபதேசம் வேண்டாம். பிள்ளைகள் அதற்குள் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் சிரிக்கவில்லை என்பதே அவர்களுக்குப் பாதிப் பாடம்.

இரண்டாவது, “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்னும் சமாதானத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழியுண்டு. சொல்லப்பட்டவர் சிரிக்கிறாரா என்று அவர் முகத்தைப் பாருங்கள். வாய் சிரித்தால் போதாது, கண்ணையும் பாருங்கள். நாம் ஆடி மாதத்தில் பார்க்கத் தவறியது அதைத்தான்.

மூன்றாவது, வேலைத்தலத்தில் ஒருவரைக் கடிந்து நாணவைக்க வேண்டாம். அந்த மூத்த பணியாளரைப் போலவும், அந்த ஆசிரியரைப் போலவும், பகையில்லாமல் ஒரு சொல் போதும். கடிந்தால் அவர் தம் சொல்லைக் காக்கவே முற்படுவார். மெல்லச் சொன்னால் அதைக் கைவிட இடம் கிடைக்கும்.

நான்காவது, வரன் தேடும் பெற்றோர் ‘நல்ல நிறம்’ என்னும் இரு சொற்களைத் தம் விளம்பரத்திலிருந்து நீக்குவார்களாக. தரகரிடம் நிறத்தைச் சொல்லிப் பவுனைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். இந்த ஒன்றைச் செய்தால் ஆச்சிமாரின் அச்சம் பாதியாகக் குறையும். அச்சம் குறைந்தால் கேலியும் குறையும்.

ஐந்தாவது, நம் போன்ற குருக்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் உரியது. நம் நாடகங்களிலும் நடனங்களிலும் ஊர்வலங்களிலும் யாரை முன்னே நிறுத்துகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். இனத்தையும் நிறத்தையும் முன்னிட்டு மனிதரை வேறுபடுத்துவது கிறிஸ்துவின் மனத்துக்கு மாறானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே அறிவித்துவிட்டது. ஏட்டில் இருப்பது நம் கோவில் மேடைக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆகலாமா?

அந்தச் சிறுமியின் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. மறுநாள் மாலை அவளை அழைத்து இரண்டு படங்களைக் காட்டினோம். ஒன்று மெக்சிகோ நாட்டுக் குவாதலூப்பே அன்னையின் படம். 1531இல் ஹுவான் தியேகோ என்னும் பழங்குடி ஏழைக்குக் காட்சி தந்த அன்னை, அந்த மக்களின் மாநிறத்திலேயே நிற்கிறார். மற்றொன்று போலந்து நாட்டின் செஸ்டகோவா நகரில் வணங்கப்படும் அன்னையின் படம். வெள்ளையர் நாட்டிலேயே அவரைக் கறுப்பு மாதா என்றே அழைக்கிறார்கள். 1986இல் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்தக் கறுப்பு மாதாவின்மேல் பேரன்பு கொண்டவர். “நாசரேத்தூரில் வெயிலில் தண்ணீர் சுமந்த பெண் பீங்கான் பொம்மையைப் போலவா இருந்திருப்பார்?” என்றும் கேட்டோம். சிறுமி இரு படங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படியானால், வரும் நாடகத்தில் நீயே மாதா” என்றோம்.

அவள் யோசித்துவிட்டு, “வேண்டாம் சாமி. நான் கபிரியேல் சம்மனசா நடிக்கேன். அதுக்குத்தான் வசனம் கூட” என்றாள். நாம் வாய்விட்டுச் சிரித்தோம். இம்முறை அவளும் சிரித்தாள்.

விழா இரவில் வெண்ணிற உடை தரித்து அவள் மேடையேறியபோது, கூட்டத்தில் எவரோ பின்னாலிருந்து, “சம்மனசு இருட்டுல தெரியவே இல்லியே” என்று கேலி பேசினார். சிலர் சிரிக்கத் தொடங்கினர். முன்வரிசையிலிருந்த ஆச்சி எழுந்து நின்று திரும்பிப் பார்த்து, “தெரியலன்னா கண்ணத் தொடச்சிட்டுப் பாருய்யா, அது எம் பேத்தி” என்றார். சிரிப்பு நின்றது. கபிரியேல் தூதர் ஒரு சொல்லும் பிசகாமல் தம் வாழ்த்தைச் சொல்லி முடித்தார்.

அந்த வீட்டில் பெட்டி இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விளம்பரங்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை வரும்போது ஆச்சி இப்போது பேத்தியின் பக்கம் திரும்புவதில்லை என்று பீடி சுற்றும் பெண்கள் நம்மிடம் சொன்னார்கள். பெட்டியைப் பார்த்து, “போதும், நீ வாய மூடு” என்கிறாராம்.

நம் வீடுகளிலும் அந்தச் சொல் ஒலிக்கட்டும்.